பெயருக்கு முன்னா, பின்னா? ஸ்பானியப் பெயரடைகளின் இயைபும் இடமும்

2024 ஜூன் 2 அன்று நடந்த மெக்சிகோ தேர்தலில் கிளாடியா ஷெயின்பாம் வென்றார். அக்டோபர் 1 அன்று அவர் பதவியேற்கும் வரையிலான நான்கு மாதங்களில் ஸ்பானிய மொழி ஊடகங்கள் அவரைப் பெரும்பாலும் ‘பிரெசிதேந்தா எலெக்தா’ என்றே குறிப்பிட்டு வந்தன. தேர்ந்தெடுக்கப்பட்டு, இன்னும் பதவியேற்காத குடியரசுத் தலைவர் என்பது இதன் பொருள். அவருக்கு முன்பு அந்நாட்டில் அப்பதவிக்குத் தேர்வான அனைவரும் ஆண்கள். அவர்களுக்குரிய தொடர் ‘பிரெசிதேந்தே எலெக்தோ’. ஒரு பெண் தலைவரைப் ‘பிரெசிதேந்தா’ என்பதா, ‘லா பிரெசிதேந்தே’ என்பதா என்று அம்மொழியினர் நெடுங்காலமாக வாதிட்டு வந்திருக்கிறார்கள். ஆனால் இரண்டாவது சொல்லில் வாதத்துக்கு இடமே இல்லை. முதற்சொல்லை மாற்ற மறுப்பவரும் ‘லா பிரெசிதேந்தே எலெக்தா’ என்றுதான் சொல்லியாக வேண்டும். பெயர்ச்சொல் ஏகாரத்தில் முடிந்தாலும் ஆகாரத்தில் முடிந்தாலும், அது பெண்பாலைக் குறிக்கும்போது அதன் அடைமொழி ‘எலெக்தா’ ஆகிவிடுகிறது.

ஸ்பானியம் கற்கத் தொடங்குபவருக்கு முதல் வாரத்திலேயே இரண்டு விதிகள் சொல்லித் தரப்படுகின்றன. ஆண்பாலுக்கு ஓகாரம், பெண்பாலுக்கு ஆகாரம் என்பது ஒன்று. பெயரடை பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மைகள். முதல் விதி தவறும் இடங்களைப் பட்டியலிட்டுப் பழகிக்கொள்ளலாம். இரண்டாவது விதி தவறும் இடங்களில் பொருளே மாறிவிடுவதால், அங்கே பட்டியல் போதாது, காரணமும் தெரிய வேண்டும். அந்தக் காரணத்துக்குத் தமிழ் இலக்கணத்தில் பெயரே உண்டு என்பது தமிழ் வாசகருக்கு ஒரு வசதி.

(ஸ்பானியச் சொற்கள் இங்கே தமிழ் எழுத்தில், கேட்கும் ஒலிக்கு நெருக்கமாகத் தரப்பட்டுள்ளன. சொற்களின் கடைசி உயிரொலியைக் கவனித்துப் படிப்பது நல்லது. இயைபின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.)

## நான்கு அடிப்படைச் சொற்கள்

1. பெயரடை: ஒரு பெயர்ச்சொல்லின் தன்மையையோ வகையையோ சுட்டும் சொல். ‘கறுப்புப் பூனை’ என்பதில் ‘கறுப்பு’.

2. பால்: தமிழில் பால் பகுப்பு உலகியலைப் பின்பற்றுகிறது. மேசையும் புத்தகமும் அஃறிணை என்பதோடு விவகாரம் முடிந்துவிடும். ஸ்பானியத்தில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால் என்று முத்திரை குத்தப்பட்டே இருக்கிறது. மேசை (‘லா மேசா’) பெண்பால். புத்தகம் (‘எல் லிப்ரோ’) ஆண்பால். இதற்குப் பொருள் சார்ந்த காரணத்தைத் தேடிப் பயனில்லை.

3. எண்: ஒருமை, பன்மை.

4. இயைபு: பெயர்ச்சொல்லின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்பப் பெயரடை தன் வடிவத்தை மாற்றிக்கொள்வது.

நான்காவது மட்டும் தமிழருக்குப் புதிதுபோலத் தோன்றும். ‘நல்ல பையன், நல்ல பெண், நல்ல பிள்ளைகள், நல்ல வீடு’ என்று நம் பெயரடை எதற்கும் அசைந்து கொடுப்பதில்லை. எனினும் அதே சொல்லைப் பயனிலையாக்கினால் ‘அவன் நல்லவன், அவள் நல்லவள், அவர்கள் நல்லவர்கள், அது நல்லது, அவை நல்லவை’ என ஐம்பாலுக்கும் ஐந்து வடிவங்கள் வந்துவிடுகின்றன. தமிழ் பயனிலையில் மட்டும் செய்வதை ஸ்பானியம் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் அடையிலும் செய்கிறது.

## இயைபின் வடிவங்கள்

பெயரடைகளின் வாய்பாடு சிறியது.

1. ஓகார ஈற்றுப் பெயரடைகளுக்கு நான்கு வடிவங்கள்: ‘காத்தோ நேக்ரோ’ (கறுப்பு ஆண் பூனை), ‘காத்தா நேக்ரா’ (பெண் பூனை), ‘காத்தோஸ் நேக்ரோஸ்’, ‘காத்தாஸ் நேக்ராஸ்’.

2. ஏகாரத்திலோ மெய்யிலோ முடிபவற்றுக்குப் பெரும்பாலும் இரண்டே வடிவங்கள்: ‘கிராந்தே, கிராந்தேஸ்’ (பெரிய), ‘அசூல், அசூலேஸ்’ (நீல). இங்கே பால் வேறுபாடு இல்லை.

3. நாட்டினப் பெயரடைகள் மெய்யில் முடிந்தாலும் நான்கு வடிவம் பெறும்: ‘எஸ்பான்யோல், எஸ்பான்யோலா, எஸ்பான்யோலேஸ், எஸ்பான்யோலாஸ்’.

4. ‘திரபஹதோர்’ (உழைப்பாளியான) போன்றவை ‘திரபஹதோரா’ என்று பெண்பாலாகும். ஆனால் அதே ஒலியில் முடியும் ‘மெஹோர்’ (மேலான), ‘பெயோர்’ (மோசமான), ‘மயோர்’ (மூத்த), ‘மெனோர்’ (இளைய) ஆகியவை பாலுக்கேற்ப மாறுவதில்லை.

5. ‘ஒப்திமிஸ்தா’ (நன்னம்பிக்கையுள்ள) போன்றவை ஆகாரத்தில் முடிந்தாலும் இருபாலுக்கும் பொது.

இரண்டாவது, நான்காவது வகைகளின் விசித்திரத்துக்கு லத்தீன் மொழியே காரணம். ‘கிராந்திஸ்’ போன்ற லத்தீன் பெயரடைகளுக்கும், ஒப்பீட்டு வடிவங்களுக்கும் ஆண்பாலிலும் பெண்பாலிலும் எழுவாய் வடிவம் ஒன்றே. ஸ்பானியம் லத்தீனின் வேற்றுமை உருபுகளை உதிர்த்துவிட்டது, அலிப்பாலையும் ஏறத்தாழ இழந்துவிட்டது. ஆனால் இந்தப் பொதுமையை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டது.

ஸ்பானியம் அறியாதவருக்கும் தெரிந்த வணக்கச் சொற்களில் இயைபைக் கண்கூடாகப் பார்க்கலாம். காலையில் ‘புவேனோஸ் தியாஸ்’, பிற்பகலில் ‘புவேனாஸ் தார்தேஸ்’, இரவில் ‘புவேனாஸ் நோச்சேஸ்’. ‘நல்ல’ என்ற ஒரே சொல் காலையில் ஓகாரமும் மற்ற நேரங்களில் ஆகாரமும் ஏற்கிறது. ‘தியா’ (நாள்) ஆகாரத்தில் முடிந்தும் ஆண்பால் என்பதே காரணம். கேட்பவர் ஆணா, பெண்ணா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. தொடக்க நிலையில் பலர் இங்கே குழம்புகிறார்கள்.

## ஒலி ஒற்றுமை அன்று, இயைபு

‘காத்தா நேக்ரா’ போன்ற எடுத்துக்காட்டுகளையே பார்த்துப் பழகியவருக்கு, இரண்டு சொற்களின் ஈற்றொலியும் ஒத்திருப்பதே விதி என்ற எண்ணம் ஊன்றிவிடும். அது தவறு. பெயரடை பெயர்ச்சொல்லின் பாலைப் பின்பற்றுகிறது, ஒலியைப் பின்பற்றுவதில்லை.

கிரேக்கத்திலிருந்து வந்த ‘புரோப்லேமா’ (சிக்கல்), ‘சிஸ்தேமா’ (அமைப்பு), ‘கிளீமா’ (காலநிலை), ‘இதியோமா’ (மொழி) ஆகியவை ஆகாரத்தில் முடியும் ஆண்பாற் சொற்கள். ஆகவே கடுமையான சிக்கல் ‘புரோப்லேமா சேரியோ’ ஆகும், ‘சேரியா’ ஆகாது. மாறாக, ‘மானோ’ (கை) ஓகாரத்தில் முடிந்தும் பெண்பால். வலது கை ‘லா மானோ தெரேச்சா’.

இவ்வகையில் அதிகம் தடுமாற வைப்பது தண்ணீர். ‘ஆகுவா’ பெண்பாற் சொல். ஆனால் அதன் முன் ஆண்பாலுக்குரியதுபோலத் தோன்றும் ‘எல்’ என்ற சுட்டிடைச்சொல் (ஆங்கில ‘the’ போன்றது; பெண்பாலுக்கு வழக்கமாக ‘லா’) வருகிறது: ‘எல் ஆகுவா ஃபிரீயா’, அதாவது குளிர்ந்த நீர். சுட்டு ஆண்பால், பெயரடை பெண்பால் என்று முரண்படுவதுபோல் தெரிந்தாலும் உண்மையில் முரண் இல்லை. ‘இல்லா’ என்ற லத்தீன் பெண்பாற் சுட்டு பழைய ஸ்பானியத்தில் ‘எலா’ ஆகி, அழுத்தம் பெற்ற அகரத்தின் முன் ‘எல்’ என்று தேய்ந்தது. ஆண்பாற் சுட்டோடு ஒலியில் ஒன்றுபட்டுவிட்டாலும் அது பெண்பாற் சுட்டேதான். இடையில் வேறு சொல் வந்தாலோ பன்மையானாலோ அது தன் உருவத்தைக் காட்டிவிடும்: ‘லாஸ் ஆகுவாஸ் ஃபிரீயாஸ்’. ‘எஸ்தே ஆகுவா’ (இந்தத் தண்ணீர்) என்று ஆண்பாலாகச் சொல்லும் பிழை தாய்மொழியினரிடமே மலிந்து கிடக்கிறது. இலக்கணப்படி அது ‘எஸ்தா ஆகுவா’.

ஆளைக் குறிக்கும் சொற்களில் விளைவு இன்னும் பெரிது. ‘லா பிக்திமா’ (பாதிக்கப்பட்டவர்), ‘லா பெர்சோனா’ (நபர்) இரண்டும் எப்போதும் பெண்பால். விபத்துச் செய்தியில் காயமுற்றவர் ஆணாக இருந்தாலும் ‘லா பிக்திமா’ என்ற சொல்லைத் தொடரும் பெயரடைகள் பெண்பாலிலேயே வரும். அதை அப்படியே தமிழாக்குபவர் ஓர் ஆணைப் பெண்ணாக்கிவிடக்கூடும். இதற்கு நேர்மாறான வழக்கும் உண்டு. ‘மாட்சிமை தங்கியவர்’ என்ற பொருளுடைய ‘சு மஹெஸ்தாத்’ இலக்கணப்படி பெண்பால். ஆனால் அரசர் ஆணாக இருந்தால் பயனிலைப் பெயரடை ஆண்பாலில் வரும். மரியாதைப் பட்டங்களில் மட்டும் மொழி சொல்லை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறது.

## இயைபு எதற்குப் பயன்படுகிறது

இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்பவருக்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். ‘புரோஃபெசோர் தே லித்தெரதூரா இங்கிலேசா’ என்றால் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர். ‘புரோஃபெசோர் தே லித்தெரதூரா இங்கிலேஸ்’ என்றால் இலக்கியம் கற்பிக்கும் ஆங்கிலேய ஆசிரியர். முன்னதில் பெயரடை பெண்பாலான இலக்கியத்தோடு இயைகிறது. பின்னதில் நடுவே உள்ள இரண்டு சொற்களைத் தாண்டிச் சென்று ஆண்பாலான ஆசிரியரோடு இயைகிறது. தமிழில் இவ்வேறுபாட்டைச் சொற்களின் வரிசையால் காட்டுகிறோம்; ஸ்பானியம் ஓர் உயிரொலியால் காட்டிவிடுகிறது.

இன்னொரு நுட்பம் விளையாட்டுச் செய்திகளில் அடிக்கடி தட்டுப்படும். 2022 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியில் அர்ஜென்டினாவும் பிரான்ஸும் மோதின. அந்த இரு அணிகளையும் ஸ்பானியத்தில் ‘லாஸ் செலெக்சியோனேஸ் அர்ஹென்தீனா இ ஃபிரான்செசா’ என்று எழுதுவார்கள். ‘அணிகள்’ பன்மையில் இருக்க, ‘அர்ஜென்டின’ ‘பிரெஞ்சு’ என்ற இரண்டு பெயரடைகளும் ஒருமையில் நிற்கின்றன. ஆளுக்கோர் அணி என்பதால் ஒவ்வொரு பெயரடையும் ஒன்றையே சுட்டுகிறது. பெயரடைகளைப் பன்மையாக்கினால் அர்ஜென்டினாவுக்குப் பல அணிகள், பிரான்ஸுக்குப் பல அணிகள் என்று ஆகிவிடும். இயைபு வெறும் ஒலி ஒழுங்காக இருந்திருந்தால் இப்படி ஒரு தொடர் அமைந்திருக்கவே முடியாது.

பால் வேறுபட்ட இரண்டு பெயர்களுக்குப் பொதுவாக ஒரு பெயரடை பின்னால் வந்தால் அது ஆண்பாற் பன்மை ஏற்கும். கறுப்புப் பாவாடையும் காற்சட்டையும் ‘ஃபால்தா இ பந்தலோன் நேக்ரோஸ்’. பெயரடை முன்னால் வந்தாலோ, தனக்கு அருகில் இருப்பதோடு மட்டும் இயைந்து நின்றுவிடும்: ‘இன்மென்சா பசியென்சியா இ கரீன்யோ’, அளவற்ற பொறுமையும் அன்பும்.

## முன்னால் வந்தால் தேயும் சொற்கள்

சில பெயரடைகள் ஆண்பால் ஒருமைப் பெயருக்கு முன்னால் வரும்போது ஈற்றை இழக்கின்றன. ‘புவேனோ’ ‘புவென்’ ஆகும். ‘மாலோ’ (கெட்ட) ‘மால்’ ஆகும். ‘பிரிமேரோ’ (முதல்) ‘பிரிமேர்’ ஆகும். ‘கிராந்தே’ மட்டும் இருபாலுக்கு முன்பும் ‘கிரான்’ என்று குறுகும்.

அர்ஜென்டினாத் தலைநகரின் பெயரிலேயே இந்த விதி பதிந்திருக்கிறது. 1536-இல் பெத்ரோ தெ மெந்தோசா அங்கே அமைத்த குடியிருப்பு, நற்காற்றின் அன்னை மரியாவின் பெயரால் அழைக்கப்பட்டது. அப்பெயரில் காற்று ஒருமை. ஆகவே ‘புவென் ஆயிரே’. பின்னர் நிலைத்த பெயரில் காற்று பன்மை. ஆகவே குறுக்கம் நீங்கிப் ‘புவேனோஸ் ஆயிரேஸ்’.

‘சாந்தோ’ (புனித) என்பதும் ஆண் புனிதர்களின் பெயருக்கு முன் ‘சான்’ எனக் குறுகும்: சான் ஃபிரான்சிஸ்கோ, சான் ஹோசே. ஆனால் பெயர் ‘to’ அல்லது ‘do’ ஒலியில் தொடங்கினால் குறுகாது. சாந்தோ தொமிங்கோ, சாந்தோ தோமாஸ் என்று முழுமையாகவே நிற்கும். சென்னைச் சாந்தோமின் பெயர் அதே புனித தோமாவிடமிருந்து வந்ததுதான். ஆனால் அது போர்ச்சுக்கீசியர் இட்ட பெயர். அவர்கள் மொழியில் விதி வேறு. அடுத்து மெய் வந்தால் ‘சாவ்ங்’ என்று மூக்கொலியோடு குறுகும், உயிர் வந்தால் ‘சாந்தோ’ என்று நிற்கும்.

## இடம்: தொல்காப்பியம் ஏற்கெனவே கேட்ட கேள்வி

இனி முக்கியமான பகுதி. தமிழில் பெயரடை எப்போதும் பெயருக்கு முன்னால்தான் வரும். அங்கே தேர்வுக்கு இடமில்லை. ஸ்பானியத்தில் இயல்பான இடம் பின்னால். முன்னால் வரவும் தடையில்லை. எது எப்போது?

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் சொல்கிறது:

இனச்சுட் டில்லாப் பண்புகொள் பெயர்க்கொடை
வழக்கா றல்ல செய்யு ளாறே.

ஓர் அடைமொழி, தான் சேர்ந்த பொருளை அதன் இனத்தைச் சேர்ந்த பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டினால் அது இனச்சுட்டு உடையது. ‘கருங்குதிரை’ என்றால் வெள்ளைக் குதிரையும் உண்டு, அதுவன்று என்பது பெறப்படும். ‘செஞ்ஞாயிறு’ என்பதில் கருஞாயிறு, வெண்ஞாயிறு என்று பிரித்து விலக்க எதுவும் இல்லை. அடைமொழி ஞாயிற்றின் இயல்பை எடுத்துக் காட்டி அழகு செய்கிறது, அவ்வளவே. பின்னது பேச்சு வழக்குக்கு உரியதன்று, செய்யுளுக்கு உரியது என்பது நூற்பாவின் கருத்து. (பச்சைக்கிளியும் நீலவானமும் அன்றாடப் பேச்சில் புழங்குவதைப் பார்த்தால், வழக்கும் அவ்வளவு கறாராக இருந்ததில்லை என்றே சொல்ல வேண்டும்.)

வெனிசுவேலாவில் பிறந்து சிலியில் வாழ்ந்த ஆந்த்ரேஸ் பேயோ 1847-இல் வெளியிட்ட ஸ்பானிய இலக்கணத்தில் இதே பகுப்பு வருகிறது. ‘மான்சாஸ் ஓபேஹாஸ்’ (சாதுவான செம்மறிகள்) என்பதில் பெயரடை முன்னால் நிற்கிறது. செம்மறி என்றாலே சாதுதான், பிரித்துக் காட்ட எதுவுமில்லை. ‘அனிமாலேஸ் மான்சோஸ்’ (சாதுவான விலங்குகள்) என்பதில் பின்னால் நிற்கிறது; விலங்குகளில் கொடியவையும் உண்டு. தமிழ் இலக்கணத்தார் இனமில்லா அடை, இனமுள்ள அடை என்று பொருளால் மட்டும் பிரித்ததை ஸ்பானியம் இடத்தால் பிரித்துக் காட்டுகிறது. வெளிநாட்டு மாணவர்களுக்கான பாடநூல்கள் பக்கம் பக்கமாகத் தரும் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பகுப்பின் கிளைகளே என்பது இக்கட்டுரையின் கருத்து. கிளைகள் பின்வருமாறு.

1. குழுவில் சிலரா, எல்லாருமா? ‘லோஸ் பியஹேரோஸ் கன்சாதோஸ்’ என்றால் களைத்திருந்த பயணிகள் மட்டும், களைக்காதவர்களும் இருந்திருக்கலாம். ‘லோஸ் கன்சாதோஸ் பியஹேரோஸ்’ என்றால் பயணிகள் அனைவருமே களைத்திருந்தனர். நம் ‘களைத்த பயணிகள் உறங்கினர்’ இரண்டில் எதையும் குறிக்கும்.

2. ஒன்றே உள்ள பொருளுக்குப் பிரிக்கும் அடை பொருந்தாது. ‘மி லிந்தா எஸ்போசா’ என்பது ‘என் அழகிய மனைவி’. ‘மி எஸ்போசா லிந்தா’ என்றால், மனைவியரில் அழகானவர் எனக் கொள்ள இடமிருக்கிறது. வீட்டில் பிரச்சினையை வரவழைக்க இந்த ஓர் இடமாற்றம் போதும்.

3. வகைப்படுத்தும் பெயரடை முன்னால் வரவே வராது. ‘எனெர்ஹியா நுக்லியார்’ (அணு ஆற்றல்), ‘கிரீசிஸ் எகோனோமிகா’ (பொருளாதார நெருக்கடி) ஆகியவற்றில் பெயரடையின் வேலையே இனம் பிரிப்பது. தமிழருக்கு இங்கே ஓர் எளிய சோதனை உண்டு. தமிழில் அந்த இடத்தில் ‘ஆன’ சேராமல் வெறும் பெயர்ச்சொல் வந்தால் (அணு, பொருளாதார, அரசியல்), ஸ்பானியத்தில் அது பெரும்பாலும் பின்னால்தான் வரும். ‘மிக’ சேர்க்க முடியாது என்பதும் அதே சோதனையின் மறுபக்கம்; ‘மிக அணு ஆற்றல்’ என்று எவரும் சொல்வதில்லை.

4. பெயர்ச்சொல்லின் தன்மையைச் சொல்லாமல், அப்பெயர் பொருந்துமா என்பதையே ஐயத்துக்குள்ளாக்கும் சொற்கள் முன்னால் வரும். குற்றச் செய்திகளில் ‘பிரெசுந்தோ அசெசீனோ’ என்றால், கொலை செய்ததாகக் கருதப்படுபவர். இங்கே கொலையாளிகளில் ஒரு வகை பிரிக்கப்படவில்லை. அவர் கொலையாளிதானா என்பதே இன்னும் முடிவாகவில்லை.

ஸ்பானிய மொழியின் வழக்குகளை நெறிப்படுத்த 1713-இல் நிறுவப்பட்ட அரச கழகத்தின் பெயர் இந்த இரண்டு இடங்களையும் ஒருங்கே காட்டுகிறது: ‘ரெயால் அகாதேமியா எஸ்பான்யோலா’. ‘அரச’ என்ற பட்டம் முன்னால், ‘ஸ்பானிய’ என்ற வகை பின்னால். மத்ரித் கால்பந்துக் கழகத்தின் பெயரில் முன்னால் நிற்கும் ‘ரெயால்’ என்பதும் 1920-இல் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ அளித்த அதே பட்டமே. வரையறைப்படி வகைச்சொல்லான ‘அரச’ பின்னால் வந்திருக்க வேண்டும். பட்டங்கள் இலக்கணத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

## இடம் மாறினால் பொருள் மாறும் சொற்கள்

அன்றாடப் பயன்பாட்டில் உள்ள ஒரு சில பெயரடைகளில், பின்னால் நிற்கும்போது நேர்ப்பொருளும் முன்னால் நிற்கும்போது மதிப்பீட்டுப் பொருளும் உறைந்துவிட்டன.

‘ஓம்ப்ரே போப்ரே’ பணமில்லாதவர். ‘போப்ரே ஓம்ப்ரே’ பாவப்பட்ட மனிதர். அவர் கோடீசுவரராகவும் இருக்கலாம். ‘அமீகோ பியேஹோ’ வயதான நண்பர். ‘பியேஹோ அமீகோ’ நெடுநாள் நண்பர், வயது இருபதாகவும் இருக்கலாம். ‘ஓம்ப்ரே கிராந்தே’ உருவத்தில் பெரியவர். ‘கிரான் ஓம்ப்ரே’ சிறப்பால் பெரியவர். நம் ‘பெரிய ஆள்’ இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. எது என்பதைக் குரலும் சூழலும் சொல்கின்றன. ‘ஃபுன்சியோனாரியோ அல்தோ’ உயரமான அலுவலர். ‘அல்தோ ஃபுன்சியோனாரியோ’ உயர் அலுவலர்.

செய்தி படிப்பவர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ‘சியேர்தோ’. ‘சியேர்தாஸ் நோதீசியாஸ்’ என்றால் ஏதோ சில செய்திகள். ‘நோதீசியாஸ் சியேர்தாஸ்’ என்றால் உண்மையான செய்திகள். இவ்விரண்டையும் மாற்றிப் படித்தால் வதந்தி செய்தியாகிவிடும். ‘ஊனிகோ’ என்ற சொல்லும் அப்படியே: ‘ஊனிகா ஒபொர்த்துனிதாத்’ இருக்கும் ஒரே வாய்ப்பு, ‘ஒபொர்த்துனிதாத் ஊனிகா’ கிடைத்தற்கரிய வாய்ப்பு.

## ஒன்றுக்கு மேற்பட்ட பெயரடைகள்

இங்கே தமிழுக்கும் ஸ்பானியத்துக்கும் உள்ள உறவு கண்ணாடிப் பிம்பம் போன்றது. ‘ஸ்பானியச் சிவப்பு ஒயின்’ என்பது ‘பீனோ தின்தோ எஸ்பான்யோல்’ ஆகும். நமக்குப் பெயரிலிருந்து இடப்பக்கமாக ‘சிவப்பு’, அதற்கப்பால் ‘ஸ்பானிய’. அவர்களுக்குப் பெயரிலிருந்து வலப்பக்கமாக அதே வரிசை. பெயருக்கு மிக நெருங்கிய அடையே வகையைத் தீர்மானிக்கிறது என்பது இரு மொழிக்கும் பொது. அந்த ஒயினைப் பாராட்ட விரும்பினால் ‘எக்செலேந்தே’ (அருமையான) என்பதைப் பெரும்பாலும் பெயருக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பார்கள்: ‘எக்செலேந்தே பீனோ தின்தோ எஸ்பான்யோல்’. முன்னால் பாராட்டு, பின்னால் வகை.

## பொதுவாழ்வில் இதன் எதிரொலி

இலக்கண நூலுக்குள் அடங்கியிருந்த இயைபு, கடந்த சில ஆண்டுகளாக அரசியல் விவாதமாகியிருக்கிறது. ஆணும் பெண்ணும் கலந்த குழுவுக்கு ஆண்பாற் பன்மை என்ற விதியை ஏற்காதவர்கள், ‘தோதோஸ்’ (எல்லாரும்) என்பதற்குப் பதிலாகத் ‘தோதேஸ்’ என்று ஏகாரம் சேர்த்துச் சொல்கிறார்கள். ஏகாரம் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. ‘கிராந்தே’ போன்ற பெயரடைகளில் அது ஏற்கெனவே பால் காட்டாத ஈறாக இருக்கிறது. அரச கழகம் இந்த வடிவங்களை ஏற்கவில்லை. புவேனோஸ் ஆயிரேஸ் நகர அரசு 2022 ஜூனில் பள்ளிகளில் இதற்குத் தடை விதித்தது; 2024 பிப்ரவரியில் அர்ஜென்டினாவின் தேசிய அரசு நிர்வாகத்திலும் தடை அறிவிக்கப்பட்டது. ஒரு பெயர்ச்சொல்லின் ஈற்றை மட்டும் மாற்றி இம்மொழியில் தப்பிவிட முடியாது என்பதே இச்சிக்கலின் இலக்கண வேர். பெயரை மாற்றினால் அதைச் சுற்றியுள்ள சுட்டும் பெயரடைகளும் பயனிலையும் மாறியாக வேண்டும்.

தமிழிலிருந்து ஸ்பானியத்துக்குப் பெயர்ப்பவருக்கு இதே வேர் வேறு விதத்தில் காலில் தட்டும். ‘நான் களைப்பாக இருக்கிறேன்’ என்பதில் பேசுபவரின் பால் தெரியாது. ஸ்பானியத்தில் ஆண் ‘எஸ்தோய் கன்சாதோ’ என்பார், பெண் ‘எஸ்தோய் கன்சாதா’ என்பார்; பொதுவான மூன்றாவது வழி இல்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒரு பெண் தன் தமிழ்க் கடிதத்தைக் கணினி வழியே மொழிபெயர்த்தால், பால் தெரியாத அந்த மென்பொருள் பெரும்பாலும் ஆண்பாலையே தேர்ந்து, முதல் வரியிலேயே அவரை ‘இந்தெரெசாதோ’ (ஆர்வமுள்ளவன்) ஆக்கிவிடும். அவர் கடிதத்தை அனுப்புவதற்கு முன் தன்னைக் குறிக்கும் பெயரடைகளை ஒவ்வொன்றாகத் தேடி, ‘இந்தெரெசாதா’, ‘பிரெபராதா’ (தயாராக உள்ள), கடைசி வரியில் ‘அக்ரதெசீதா’ (நன்றியுடைய) என ஈற்றைத் திருத்த வேண்டும். இடையில் ‘கொம்பெதேந்தே’ (திறமையுள்ள) என்று வந்திருந்தால் அதைத் தொட வேண்டியதில்லை.